ப்ளூஸ் கிட்டார் சோலோ கார்டோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, ஏ ப்ளூஸ், 12 பார் (12 தாள அளவு கொண்ட சுற்று), ஏ7 டி7 இ7, வழக்கமான மூன்று கார்டுதான் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு). 5-ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் ஐந்தாவது கட்டத்தில்) ஏ மைனர் பென்டடானிக் என்ற ஐந்து சுர வரிசையின் பெட்டிக்குள்ளேயே இரண்டு வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். தப்பாக ஒன்றும் கேட்காது, ஆனால் பின்னணி இசைப்பதிவான பேக்கிங் டிராக்கை நிறுத்திவிட்டு வாசித்தால் கார்டு எங்கே மாறியது என்று எனக்கே தெரியாது.

சரி என்று, கார்டு மாறும் இடத்தில் அந்தக் கார்டின் மூன்றாம் அல்லது ஏழாம் சுரத்தில் போய் நிற்கப் பழகினேன். 5-ஆவது பாரில் டி7 வரும்போது, மூன்றாம் தந்தி 6-ஆம் ஃப்ரெட்டில் இருக்கும் சி ஷார்ப்பிலிருந்து ஒரு ஃப்ரெட் இறங்கி சி, இல்லை இரண்டாம் தந்தியில் 8-லிருந்து 7-க்கு, அதாவது ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப். அந்த ஒரு ஃப்ரெட் நகர்வில் கார்டு மாறுவது பளிச்சென்று கேட்கிறது, அதில் சந்தேகமே இல்லை.

பிரச்சினை, 9-ஆவது பார். இ7-க்கு ஜி ஷார்ப் (இரண்டாம் தந்தி, 9-ஆம் ஃப்ரெட்) பிடிப்பதற்குள் டி7 வந்துவிடுகிறது, அப்புறம் எல்லாம் கணக்குப் பாடம் மாதிரி ஆகி, பென்ட் (தந்தியை வளைத்துச் சுரத்தை ஏற்றுவது), இடைவெளி எல்லாம் காணாமல் போய்விடுகிறது.

யோசிக்காமல் கை தானாகப் போக நீங்கள் எப்படிப் பழகினீர்கள்? ஆர்பெஜியோவை (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பதை) முழுசாக உருப்போட வேண்டுமா, வாயால் பாடிப் பார்த்தாலே போதுமா?