‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்று அனுப்பப்பட்டு சென்னையில் அலைந்தவர்கள் எழுதுங்கள்

புறநகர்வாசி

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றைக்கு ஒரு டாக்டர் கேட்ட கேள்வி இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

காலை ஐந்தே முக்காலுக்கு அம்மா காபி கொடுத்தபோது டம்ளரை வலது கையால்தான் வாங்கியிருக்கிறார். ஆறேகாலுக்குப் பார்த்தால் பாதிக் காபியோடு டம்ளர் தரையில் கிடக்கிறது, வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. வாசலில் நின்ற ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பக்கத்து அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். சிடி ஸ்கேன் எடுப்பவர் எட்டு மணிக்குத்தான் வருவாராம். எடுத்து முடித்ததும், “ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான். இங்கே நியூரோ கிடையாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று ஒரு சீட்டு. போன இடத்தில் புதிதாக ஓபி சீட்டு, புதிதாக வரிசை. அங்கேயும் நியூரோ டாக்டர் இல்லை. மூன்றாவது இடத்துக்குள் நுழைந்தபோது மணி பத்தே முக்கால்.

அங்கே இருந்தவர் சின்ன வயசு டாக்டர். அவர் முதலில் கேட்டது, “கடைசியா எப்போ நல்லா இருந்தார்?” அம்மா அந்த டம்ளர் விஷயத்தைச் சொன்னாங்க. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், விரல்விட்டு எண்ணினார், அப்புறம் எங்கள் முகத்தைப் பார்க்காமலே பேசினார். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அரை மணி நேரம் தாண்டிவிட்டது.

முதல் இடத்திலேயே யாராவது போன் போட்டு எங்கே நியூரோ இருக்கிறது என்று கேட்டிருந்தால்? அதைத்தான் தினமும் நினைக்கிறேன்.

செல்வி_அக்காவின்_தங்கை

அண்ணா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. எங்கள் விஷயம் நல்லபடியாக முடிந்தது, ஆனால் அந்த இரவை மறக்க முடியவில்லை.

அக்கா வாழ்க்கைப்பட்டது வடசென்னையில். மாசாமாசம் காட்டியது அங்கே மாநகராட்சி சுகாதார நிலையத்தில். வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். நாங்கள் தாம்பரம் தாண்டி, அதாவது செங்கல்பட்டு மாவட்டம். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுக்கும் பிக்மி நம்பர் மனப்பாடமாகத் தெரியும். ஆனால் ரத்தப் பரிசோதனை, ஊசி எல்லாம் எழுதிய புத்தகம் மாமியார் வீட்டு பீரோவில் மாட்டிக்கொண்டது. வலி வந்ததோ நடு இரவில். பிரசவ வார்டு சிஸ்டர் ரத்த குரூப் கேட்கிறார், அக்கா ‘ஏதோ நெகட்டிவ்’ என்கிறாள். நம்பரைப் போட்டுப் பார்க்கலாம் என்றால் கம்ப்யூட்டர் அறை பூட்டியிருக்கிறது.

வடசென்னை நர்ஸம்மா நம்பர் அக்கா போனில் இருந்தது. மணி ஒன்று இருபது. இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டார். “இரும்மா, லைட்டைப் போடறேன்” என்றார். பிறகு டைரித்தாள் புரளும் சத்தம். “ஓ நெகட்டிவ். ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ரெண்டு, அயர்ன் ஊசி நாலு போட்டிருக்கு. ரத்தம் ரெடி பண்ணி வெச்சுக்கச் சொல்லு.” போனை ஸ்பீக்கரில் போட்டேன், சிஸ்டர் கையிலேயே எழுதிக்கொண்டார். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தபோதும் அதே குரூப்தான். அதற்குள்ளேயே ரத்த வங்கிக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள்.

அந்தம்மா அன்றைக்குத் தூங்கிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் பயமாக இருக்கிறது.

முன்னாள்_இஎம்டி

புறநகர்வாசி அண்ணா, புண்படுத்தச் சொல்லவில்லை. ஆட்டோவில் ஏற்றியதுதான் உங்களுக்கு முதல் இழப்பு. 108 தமிழ்நாட்டில் 2008-லேயே வந்துவிட்டது. இன்றைக்கும் பாதிப்பேர் ஆட்டோவைத்தான் தேடுகிறார்கள்.

நான் ஆம்புலன்ஸில் இஎம்டியாக, அதாவது வண்டியிலேயே அவசர சிகிச்சை கொடுப்பவனாக, ஆறு வருடம் இருந்தவன். ஒரு பைக் விபத்து, பையனுக்குத் தொடை எலும்பு முறிந்து ரத்தம் நிற்கவில்லை. வழியிலேயே அவசரப் பிரிவுக்குச் சொல்லிவிட்டேன். வண்டிக் கதவைத் திறக்கும்போது ஸ்ட்ரெச்சர் வாசலிலேயே நின்றது, கையுறை போட்டுக்கொண்டு ஒரு டாக்டரும் நின்றார். என் கதை அவ்வளவுதான்.

ஆனால் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் ஒரு இயக்குநரகம், தாலுகா மருத்துவமனைகள் இன்னொன்று, ஆரம்ப சுகாதார நிலையங்கள் மூன்றாவது. சென்னை நகருக்குள் அந்த மூன்றாவது வேலை மாநகராட்சியிடம். 2011-ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. அதையும் தாண்டி ஆவடியும் தாம்பரமும் இன்று தனித்தனி மாநகராட்சிகள். வியாதிக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது, ஆனால் பதிவேடு எல்லையிலேயே நின்றுவிடும். ஆகவே முகம் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால், முதலில் மணியைப் பாருங்கள். 108-ல் பேசும்போதே ‘ஸ்ட்ரோக்’, அதாவது பக்கவாதம், என்று சொல்லுங்கள். இரவு பகல் சிடி எடுக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று கேளுங்கள். வேறு இடத்துக்கு அனுப்பினால் நீங்களாக வண்டி பிடிக்காதீர்கள், ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் 108 வரும். போகிற இடத்தில் பேசியாயிற்றா, யாரிடம் பேசினீர்கள் என்று டூட்டி டாக்டரிடம் கேட்டுப் பெயரைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ஸ்கேன் படத்தை செல்போனில் எடுத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு அட்டை, மாத்திரைச் சீட்டு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். விபத்து என்றால் முதல் 48 மணி நேரத்துக்கு அரசே செலவை ஏற்கும் திட்டம் 2021-லிருந்து இருக்கிறது, அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் கேட்கலாம்.

புறநகர்வாசி

தம்பி, நீங்கள் சொல்வது சரி. ஆனால் அப்பா நாக்கு இழுத்துக்கொண்டு அம்மா கையைப் பிடித்திருந்தார், கண் எதிரில் ஆட்டோ நின்றது. அதோடு ஆட்டோவில் போனது பத்து நிமிஷம்தான். மிச்ச நாலு மணி நேரமும் மருத்துவமனைகளுக்குள்ளே போனது.

மே2021

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, இஎம்டி சார். முன்கூட்டிச் சொல்வது மட்டும் போதாது, போகிற இடத்தில் படுக்கை இருக்கிறதா என்பதும் உண்மையாகத் தெரிய வேண்டும்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில் தன்னார்வலராகப் படுக்கை தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் ஆக்சிஜன் படுக்கை ஒன்று காலி என்று பட்டியலில் பார்த்து ஒரு ஆம்புலன்ஸை அனுப்பினேன். வண்டி போய்ச் சேரும் முன்பே அது நிரம்பிவிட்டது. பட்டியலில் மட்டும் காலியாகவே இருந்தது. டிரைவர் கூப்பிட்டார்: “அக்கா, முன்னாடி ஒன்பது வண்டி நிக்குது. சிலிண்டர் முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு. என்ன செய்ய?” எனக்குப் பதில் தெரியவில்லை. “இருங்கண்ணா, இருங்கண்ணா” என்றுதான் வாயில் வந்தது. பக்கத்து வண்டிக்காரர் தன் சிலிண்டரை மாற்றிக் கொடுத்தாராம்.

அதே மாதத்தில் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில், எங்கே படுக்கை காலி என்று பார்த்து ஆளை அனுப்ப ஒருங்கிணைந்த கட்டளை மையம் வந்தது. சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில், வண்டியில் காத்திருப்பவர்களை உடனே இறக்கி ஆக்சிஜன் கொடுக்க ‘ஜீரோ டிலே வார்டு’ திறந்தார்கள். தொற்றுக்காலத்தில் முடிந்தது மற்ற நாட்களிலும் முடிய வேண்டும். அதைத்தான் நான் கேட்கிறேன்.

மாத்திரை_ஆறுமாசம்

எனக்கு டிபி, காசநோய். அம்பத்தூரில் வேலை பார்க்கும்போது கண்டுபிடித்தார்கள். மூன்றாவது மாசம் கம்பெனி ஸ்ரீபெரும்புதூருக்கு மாற்றிவிட்டது. மாத்திரை விட்டுப்போனால் வேலை செய்யாமல் போகும் என்று பயமுறுத்தியிருந்தார்கள். புது இடத்தில் ‘உங்கள் பதிவைப் பழைய இடத்திலிருந்து இன்னும் மாற்றவில்லை’ என்றார்கள், பழைய இடத்தில் ‘மாற்றிவிட்டோம்’ என்றார்கள். அன்றிரவு சாப்பிட்டதோடு மாத்திரை அட்டை காலி.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, மழையில், பழைய இடத்து டிபி சூப்பர்வைசர் டூவீலரில் வந்து நிற்கிறார். சட்டைக்குள் பிளாஸ்டிக் கவரில் ஒரு மாசத்து அட்டைகள். “கம்ப்யூட்டர்ல வர்றப்போ வரட்டும், நீ இதைப் போடு” என்று நான் தண்ணீர் எடுத்து வரும்வரை நின்று, விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.