'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டுக்குப் பின்னால் நிஜமாவே என்ன நடந்தது?

லாஸ்பேட்டை அம்மா:
பையன் கிட்டார் கிளாஸ் சேர்ந்ததிலிருந்து வீட்டில் ஒரே மெட்டுதாங்க. டீப் பர்ப்பிள்னு ஒரு இங்கிலாந்து ராக் பேண்டோட பாட்டாம். ஜூன் 21 ஃபெத் த லா மியூசிக் இசைத் திருநாளுக்குத் தெருவில் நின்னு வாசிக்கப் போறானாம். அந்த பேண்டுக்காரங்களே ஒரு கேசினோவைக் கொளுத்திட்டு அதைப் பாட்டாப் பாடினாங்கன்னு அவன் கூட்டாளிங்க சொல்றாங்க. நிஜமா?

கடலூர் ஓ.டி.:
கொளுத்தினது அவங்க இல்லீங்க. கச்சேரி பார்க்க வந்த எவனோ ஒருத்தன். மீதியை மைக்செட் அண்ணன் வந்து சொல்லுவார், இந்தக் கதைன்னா அவருக்குச் சோறே வேணாம்.

மைக்செட், நெல்லித்தோப்பு:
வந்துட்டேன் தம்பி.

1971 டிசம்பர் 4. சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரை ஊர் மான்ட்ரூ. அங்கே கேசினோவில் அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஜாப்பா கச்சேரி. அது முடிஞ்சதும் குளிர்காலத்துக்குக் கேசினோவை மூடிடுவாங்க, காலி மண்டபத்தில் டீப் பர்ப்பிள் ஆல்பம் பதிவு பண்றதா ஏற்பாடு. ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்டு வச்சிருந்த ரெக்கார்டிங் லாரியை வாடகைக்குப் பிடிச்சு வந்திருந்தாங்க. கச்சேரி நடுவில் ஒருத்தன் கூரையைப் பார்த்து ஃபிளேர் கன்னைச் சுட்டான். ஆபத்துன்னா போட்டிலிருந்து வானத்துக்கு விடுவாங்களே, கடலூர் துறைமுகத்துக்காரங்களுக்குத் தெரியும், அதுதான். கட்டடமே போச்சு. உயிர்ச்சேதம் இல்லை. உள்ளே மாட்டின பசங்களை இழுத்து வெளியே கொண்டாந்தவர் மான்ட்ரூ ஜாஸ் விழாவைத் தொடங்கின குளோட் நாப்ஸ், பாட்டிலேயே அவர் பேர் வரும். ஜாப்பாவுக்குத்தான் நேரம் சரியில்லை. சாமான் முழுக்க எரிஞ்சுது, அடுத்த வாரமே லண்டன் மேடையில் ஒருத்தன் தள்ளிவிட்டுப் பலமா அடிபட்டார்.

ஏரி மேல புகை படர்றதை பேண்டுக்காரங்க பார்த்துக்கிட்டே நின்னாங்க. சில நாள் கழிச்சு பேஸ் வாசிக்கிற ரோஜர் குளோவர் தூக்கத்திலிருந்து எழும்போது வாயில் வந்ததுதான் தலைப்பு, 'தண்ணீர் மேல புகை'ன்னு அர்த்தம். போதைப் பாட்டுன்னு நினைச்சுடுவாங்களோன்னு முதல்ல தயங்கினாங்களாம், அவங்க குடிக்கிற கோஷ்டியாச்சே! நம்ம ஊர்க்காரங்களுக்கு இதை விளக்கணுமா?

எனக்குப் பிடிச்ச இடம் இனிமேதான். கேசினோ போனதும் பெவிலியன்னு ஒரு தியேட்டரில் கேபிள் இழுத்தாங்க. இந்தப் பாட்டோட இசை அங்கேதான் பதிவாச்சு, வரிகள் அப்புறம் வந்தது. ராத்திரியில் சத்தம் தாங்காம அக்கம்பக்கத்துல புகார், போலீஸ் வந்து கதவைத் தட்டுது. அந்தப் பதிவு முடியற வரைக்கும் சாமான் தூக்குற பசங்க உள்ளேருந்து கதவை அழுத்திப் பிடிச்சு நின்னாங்க. ராத்திரி 10 மணிக்கு மேல ஸ்பீக்கர் ஓட்டிப் பார்த்தவனுக்குத்தான் அந்தப் பசங்க பட்ட பாடு புரியும். அங்கேயும் துரத்திவிட்டதும், சீசன் முடிஞ்சு மூடிக் கிடந்த கிராண்ட் ஓட்டல். குளிர். நடைபாதையில் மெத்தையை முட்டுக் கொடுத்து வாசிச்சாங்க. பதிவானதைக் கேட்கணும்னா அறை, பால்கனின்னு சுத்தி லாரிக்குப் போகணும். ஒரு கட்டத்தில் கேட்கிறதையே விட்டுட்டாங்க! நம்பிக்கைன்னு சொல்றதா, சோம்பேறித்தனம்னு சொல்றதா தெரியலை.

ஆல்பம் 'மெஷின் ஹெட்', 1972. இந்தப் பாட்டு ஓடும்னு அவங்களே நினைக்கலை, வேற பாட்டைத்தான் முதல்ல சிங்கிளா, அதாவது தனி ரெக்கார்டா விட்டாங்க. 1973-ல் இது சிங்கிளா வந்து அமெரிக்க பில்போர்டு ஹிட் பாட்டுப் பட்டியலில் 4-ம் இடம்.

லாஸ்பேட்டை அம்மா:
ரொம்ப நன்றிங்கண்ணா. பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து படிச்சான். பாட்டில் கேட்கிற மாதிரி தன் கிட்டாரில் கனமா வரலையேன்னு கேட்கிறான்.

மைக்செட், நெல்லித்தோப்பு:
பிக்கால, அந்தச் சின்னத் தகட்டால, கீழ்நோக்கி அடிக்கிறானா? பேண்டோட கிட்டாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர் ரெண்டு கம்பியையும் விரலால ஒரே நேரத்தில் கிள்ளுவார். அப்படிப் பண்ணச் சொல்லுங்க. ஆம்பில் சத்தத்தைக் கரகரப்பாக்கிற கெயின் திருகைக் குறைக்கணும், பசங்க எல்லாம் அதை முழுசாத் திருகி வச்சுடுறானுங்க. இன்னொண்ணு, அந்தக் கனத்தில் பாதி கிட்டாரே இல்லை. முதல்ல கிட்டார் தனியா வரும், அப்புறம் டிரம்ஸில் இருக்கிற ஹை-ஹாட் தாளத்தோட சேர்ந்து, பேண்டோட கீபோர்டுக்காரர் ஜான் லார்டோட ஹேமண்ட் ஆர்கன் அதே மெட்டை வாசிக்கும். ஆர்கனை மார்ஷல் ஆம்பில் மாட்டிக் கரகரன்னு ஆக்கியிருப்பார். கீபோர்டுக்கு ஆள் இருந்தா கூட நிறுத்துங்க.

லாஸ்பேட்டை அம்மா:
எதிர்வீட்டுப் பொண்ணு சர்ச்சில் கீபோர்டு வாசிக்குது. சாயங்காலம் போய்க் கேட்டுப் பார்க்கிறேன்.