ஆர்மியிலிருந்து ஜெர்மனி வந்து ஐ.டி. வேலைக்குப் போக நினைக்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கு

அருவங்காட்டுத் தம்பி ஒருவர் நேற்று கேட்டிருந்தார். 15 வருடம் ஆர்மி, சிக்னல்ஸ் என்ற தகவல் தொடர்புப் பிரிவு. மனைவிக்கு ஜெர்மனியில் நர்ஸ் வேலை கிடைத்ததால் கூடவே வந்துவிட்டார். மூன்று மாதத்தில் டேட்டா சயின்ஸ் கற்றுத்தருகிறோம் என்று ஒருவர் பெரிய தொகை கேட்கிறாராம், கட்டலாமா என்கிறார். நான் இப்போது லீவில் குன்னூர் வந்திருக்கிறேன். நேரம் இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

கட்டாதீர்கள் தம்பி. உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு தொழில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இருக்கும் கதவைத் தட்டுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. என் அப்பா ஊட்டி இந்து நகரில், 1960-இல் தொடங்கிய ஃபிலிம் ஆலையில் இருந்தவர். எக்ஸ்ரே ஃபிலிமுக்குப் பூச்சு ஏற்றும் இருட்டறை வேலை. ஈரப்பதம், சூடு, ரசாயன அளவு எதுவும் இம்மி பிசகக் கூடாது. டிஜிட்டல் வந்து ஆலை படுத்தபோது, அந்தத் திறமைக்கு வேறு எங்கே மதிப்பு என்று அவருக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. மருந்து ஆலையோ சிப் ஆலையோ அவரை வைத்துக்கொண்டிருக்கும். அவர் கடைசிவரை தனக்கு ஒன்றும் தெரியாது என்றே நம்பினார். அது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேபிள் இழுத்தது, எக்ஸ்சேஞ்ச் பார்த்தது, நடு ராத்திரி லைன் போனால் எங்கே போச்சு என்று கண்டுபிடித்துச் சரிசெய்தது எல்லாமே ஜெர்மனியில் நெட்வொர்க் வேலை, டேட்டா சென்டர் வேலை. பயோடேட்டாவில் ஹவில்தார் என்று மட்டும் போட்டால் யாருக்கும் புரியாது. எத்தனை பேரை நடத்தினீர்கள், எத்தனை மணி நேர ஷிப்ட், பழுதை எப்படிப் பதிவுசெய்தீர்கள் என்று எழுதுங்கள். யூனிட் இருந்த இடம், கருவிகளின் பெயர் வேண்டாம். அந்தக் கட்டுப்பாடு ஓய்வுக்குப் பிறகும் நமக்கு உண்டு. இன்னொன்று: 15 வருடம் முடித்தவர்களுக்கு நம் நாட்டில் பட்டத்துக்குச் சமம் என்று தரும் சான்றிதழை ஜெர்மனியில் பட்டப்படிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஜெர்மன் ராணுவம் தன் ஒப்பந்த வீரர்களுக்கு மறுபயிற்சி தர ஒரு தனிப் பிரிவே வைத்திருக்கிறது. அமெரிக்காவில் ராணுவத்தில் இருந்தவர்களுக்குப் படிப்புச் செலவு தரும் ஜி.ஐ. பில் சட்டம் மாதிரி. இரண்டும் அவரவர் வீரர்களுக்குத்தான், அதை நம்பி அலைய வேண்டாம். நமக்கு வழி வேலைவாய்ப்பு அலுவலகம், அதாவது அகென்டூர் ஃபியூர் ஆர்பைட். அங்கே பதிவுசெய்து பில்டுங்ஸ்குட்ஷைன் என்ற பயிற்சி வவுச்சர் கேளுங்கள். கிடைத்தால் படிப்புச் செலவு முழுவதும் அவர்களுடையது. போக்குவரத்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் செலவும் கேட்கலாம். ஆனால் அது அதிகாரி பார்த்துத் தருவது, நம் உரிமை என்று வாதாட முடியாது. "ஐ.டி. படிக்க ஆசை" என்று போய் நிற்காதீர்கள். உங்கள் பகுதியில் வந்திருக்கும் பத்து வேலை விளம்பரங்களை அச்செடுத்துக் கொண்டுபோய், என் அனுபவத்தோடு இந்தப் படிப்பும் சேர்ந்தால் இந்த வேலை கிடைக்கும் என்று காட்டுங்கள்.

கேட்க வேண்டியது ஃபாக்இன்ஃபோர்மாட்டிகர் உம்ஷூலுங், அதாவது ஐ.டி. தொழில்நுட்பர் ஆவதற்கான மறுபயிற்சி. சாதாரணமாக மூன்று வருடத் தொழிற்பயிற்சி, மறுபயிற்சியாகப் படித்தால் இரண்டு வருடம். அதில் நெட்வொர்க், சர்வர்களை அமைத்துப் பராமரிக்கும் சிஸ்டம் இன்டெக்ராட்சியோன் பிரிவு உங்களுக்குச் சரியாக வரும். கடைசியில் ஐ.எச்.கே. என்ற தொழில் வணிகச் சபை தேர்வு வைக்கும். அந்தச் சான்றிதழுக்கு ஜெர்மனி முழுக்க மதிப்பு. வவுச்சரில் படிப்பவர்கள் இடைத்தேர்வில் தேறினால் 1000 யூரோ, இறுதியில் தேறினால் 1500 யூரோ ஊக்கத்தொகையும் உண்டு.

மொழிதான் மலை. பாடமும் தேர்வும் ஜெர்மனில். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கான ஒருங்கிணைப்பு வகுப்பில் மொழிக்கு மட்டும் 600 பாடவேளை, அது பி1 என்ற நடுத்தர மொழி நிலை வரை. அதற்கு மேல் வேலைக்கான மொழி வகுப்பில் அடுத்த நிலையான பி2 முடித்துவிட்டு உம்ஷூலுங் போங்கள். ஆறு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. அவசரப்பட்டுச் சேர்ந்து பாதியில் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருந்தது.

அப்புறம், தன் வீட்டுக்காரரும் ஐ.டி. படிக்கலாமா என்று கோத்தகிரி அக்கா கேட்டதற்கு: உங்கள் வீட்டுக்காரர் டீ ஃபேக்டரியில் ரோலர், டிரையர் எல்லாம் பராமரித்தவர், ஐ.டி.ஐ. முடித்தவர். அவர் கோடிங் பக்கம் போக வேண்டியதில்லை அக்கா. ஐ.டி.ஐ. சான்றிதழை வெளிநாட்டுத் தொழிற்சான்றிதழ்களை மதிப்பிடும், நியூரம்பெர்க்கில் உள்ள ஐ.எச்.கே. ஃபோசா அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பாதி ஒப்புக்கொண்டால்கூட மீதியை மட்டும் படித்தால் போதும். ஐ.டி. பக்கம்தான் வர வேண்டுமென்றால், ஃபாக்இன்ஃபோர்மாட்டிகரிலேயே ஆலை இயந்திரங்களை நெட்வொர்க்கில் இணைக்கும் பிரிவு ஒன்றை 2020-இல் சேர்த்திருக்கிறார்கள். மோட்டார் சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்பவருக்கு அது பிடிக்கும்.

தம்பி, ஆர்மியிலிருந்து விடுவித்தபோது தந்த உங்கள் டிஸ்சார்ஜ் புக்கில் ட்ரேடு, கோர்ஸ் விவரமெல்லாம் தெளிவாகத் தெரிகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். விடுபட்டிருந்தால் ஊட்டி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் என்ன செய்யலாம் என்று நான் நேரில் விசாரிக்கிறேன். இன்னும் பதினோரு நாள் இங்கேதான் இருப்பேன்.