மீன் அம்பின் கொக்கி நிமிராமல் இருக்க வழி கூறுங்கள்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், உரிய உரிமம் பெற்று, முயல் வேட்டைக்கும் கெண்டை மீன் பிடிப்பதற்கும் வில்லைப் பயன்படுத்தி வருகிறேன். (இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம் என்பதால், அங்குள்ளவர்கள் இதை முயல வேண்டாம்.)

முயலுக்கான மொட்டை முனையில் சிக்கலில்லை. சுட்டு முடித்த 38 காலிபர் தோட்டாவின் பித்தளைக் கூட்டை மரத்தண்டின் நுனியில் செருகி ஒட்டினால் போதும். மீன் முனைதான் படுத்துகிறது. கண்ணாடியிழைத் தண்டில் கூர்தீட்டிய எஃகு ஆணியைப் பதித்து, பக்கவாட்டில் துளையிட்டு, வளைத்த கம்பியைக் கொக்கியாக மாட்டியிருக்கிறேன். ஆனால் பெரிய கெண்டை துள்ளும்போது கொக்கி நிமிர்ந்து, செதிலோடு அம்பு உருவிக்கொண்டு வந்துவிடுகிறது. கொக்கிக்கு ஸ்பிரிங் கம்பி தாங்குமா? மீனைக் கிழிக்காமல் அம்பைக் கழற்ற, கொக்கியை முன்பக்கமாக மடக்கும்படி வீட்டிலேயே அமைப்பது எப்படி? செய்து பார்த்தவர்கள் கம்பியின் தடிமனையும் குறிப்பிட்டால் பெரிதும் உதவியாக இருக்கும்.