மறு: விதைக்குள் இருக்கும் கனிமச் சத்துக்கு ஒரு சொல்

> 'சீட் மினரல் ரிசர்வ்' என்பதற்கு 'முளைசூழ்தசைச் சேமிப்பு' போதுமா?

வணக்கம். போதாது. முளைசூழ்தசையில் (முளைக்கருவைச் சூழ்ந்த உணவுத்திசு) இருப்பது பெரும்பாலும் மாவு. நெல்லிலும் கோதுமையிலும் மணிச்சத்து (பாஸ்பரஸ்), பொட்டாசியம், மக்னீசியம் மூன்றும் பெரும்பாலும் அதன் வெளிவிளிம்பான அலூரோன் அடுக்கில் ஃபைட்டேட் உப்பாக (விதை மணிச்சத்தைச் சேர்த்துவைக்கும் வடிவம்) அடைந்து கிடக்கின்றன. அரிசியைத் தீட்டும்போது இவை தவிட்டோடு போய்விடுவது அதனால்தான். மக்காச்சோளத்தில் ஃபைட்டேட்டின் பெரும்பங்கு கருவிலேயே இருக்கிறது. நிலக்கடலை, உளுந்து முற்றும்போது முளைசூழ்தசையே மிஞ்சுவதில்லை, வித்திலைதான் (பருப்பின் இரு பாதிகள்) கிடங்கு. இடத்தை வைத்துப் பெயரிட்டால் பயிர் மாறும்போது சொல் பொய்யாகிவிடும்.

'விதைச் சேமிப்பு' என்றாலோ குதிரும் சாக்கும்தான் நினைவுக்கு வரும். என் முன்மொழிவு: விதையுறை சத்து (விதையில் உறைகிற சத்து).

———

> விதையுறை சத்து

ஐயா, விதையுறை என்றால் பாடநூலில் விதையின் மேல்தோல். படிப்பவர் தோலில் உள்ள சத்து என்றே எடுத்துக்கொள்வார். 'விதை உட்சத்து' என்று வைத்துக்கொள்ளலாம். தழைச்சத்து, மணிச்சத்து என்று வேளாண்மையில் 'சத்து' ஏற்கெனவே இந்தப் பொருளில்தான் புழங்குகிறது. மாவும் புரதமும் உள்ளே நுழையாது. பிரித்தே எழுதுவோம், தேடலில் கிடைக்கும்.

ஆனால் ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். ஆய்வகம் தருவது ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற செறிவு. நாற்று செலவழிப்பது தன் ஒரு விதையில் உள்ள மொத்தத்தை. 500 மி.கி. எடையுள்ள நிலக்கடலைப் பருப்பில் துத்தநாகம் கிலோவுக்கு 30 மி.கி. என்று கொண்டால், ஒரு பருப்பில் 15 மைக்ரோகிராம். அதே செறிவில் 3 மி.கி. எடையுள்ள கேழ்வரகு மணியில் 0.09 மைக்ரோகிராம்தான். பொடிவிதைப் பயிர்கள் முதல் வாரத்திலேயே மண்ணை நம்ப வேண்டியிருப்பது இதனால்தான்.

ஒரே பயிருக்குள்ளும் இது ஏமாற்றும். 25 மி.கி. எடையில், 20 செறிவுள்ள நிறைநெல்லில் 0.5 மைக்ரோகிராம். பால் முழுதும் ஏறாத 15 மி.கி. மணியில் செறிவு 26 என்று வந்தாலும் மொத்தம் 0.39தான். அறிக்கையில் சோடை மணிதான் சத்தானது போலத் தெரியும். ஆகவே சொற்பட்டியலில் 'உட்சத்துச் செறிவு', 'ஒருவிதை இருப்பு' என இரண்டு பதிவுகள் போடலாம்.

———

> ஒருவிதை இருப்பு

அவசரத்தில் 'ஒருவித இருப்பு' என்று படித்துவிடுவார்கள். 'தனிவிதை இருப்பு' என்போம். வெறும் 'விதை இருப்பு' கூடவே கூடாது, அது வேளாண் கிடங்குப் பலகையில் எழுதுவது.

விளக்கக் குறிப்பில் ஃபைட்டேட்டோடு நின்றுவிட வேண்டாம். முளைக்கும்போது ஃபைட்டேஸ் நொதி அதைச் சிதைத்து மணிச்சத்தை விடுவிப்பது உண்மை, ஆனால் நிலக்கடலைப் பருப்பில் கண்ணுக்குத் தெரியும் குறைகள் பெரும்பாலும் கால்சியம், போரானில்தான். கால்சியம் பட்டையக் குழாய்வழி (இலையில் ஆன உணவு மற்ற உறுப்புகளுக்குப் போகும் வழி) நகர்வது மிகக் குறைவு. கடலைக் காயோ மண்ணுக்குள், நீராவிப்போக்கு இல்லாத இடத்தில் இருக்கிறது; வேர் உறிஞ்சிய கால்சியம் இலைக்குப் போகுமே தவிரக் காய்க்குத் திரும்பாது. விழுதும் (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் காம்பு) காயும் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரே எடுத்தாக வேண்டும். 40–45ஆம் நாளில் எக்டருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கச் சொல்வது அதற்காகவே. தவறினால் பொக்கு மட்டுமல்ல, தேறிய பருப்பிலும் முளைக்குருத்து கறுத்திருக்கும்; விதைத்தால் முளைப்பு குறையும். பெரும்பருப்பு ரகங்களில் இது கூடுதல். போரான் குறைந்தால் பருப்பைப் பிளந்ததும் வித்திலையின் உட்புறம் குழிந்து பழுப்பேறியிருக்கும்.

இவை இரண்டும் தாய்ச்செடி வளரும்போதே தீர்மானமாகிவிடுகின்றன. 'விதை உட்சத்து' வரையறையில் 'தாய்ச்செடியிலிருந்தோ, காய் வழியே மண்ணிலிருந்தோ விதை முற்றுமுன் சேர்வது' என்று சேர்க்கக் கோருகிறேன்.

———

> விதை முற்றுமுன்

சரி. அப்படியானால் முற்றிய பின் நாம் ஏற்றுவதற்குத் தனிச்சொல் வேண்டும். 'விதைநேர்த்தி' பூசணக்கொல்லி வரை எல்லாவற்றையும் அள்ளிக்கொள்கிறது. 'விதை கடினப்படுத்துதல்' வறட்சி தாங்க ஊறவைத்து உலர்த்துவது. சத்துக் கரைசலில் ஊறவைப்பதற்கு 'சத்தூறல்' எப்படி?

மக்காச்சோளத்துக்கு 1 சதவீதத் துத்தநாக சல்பேட் கரைசலில் 16 மணி நேரம், கொண்டைக்கடலைக்கு 0.05 சதவீதம், 6 மணி நேரம். இருபது மடங்கு வேறுபாடு: மக்காச்சோள அளவைக் கொண்டைக்கடலைக்குப் போட்டால் முளைப்பே கெடலாம். ஊறியதும் நல்ல நீரில் அலசி, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்த வேண்டும். முளைவேர் தோலைக் கிழித்த பிறகு உலர்த்தினால் விதை செத்துவிடும். கடையில் துத்தநாகம் 21 சதவீதம், 33 சதவீதம் என இருவகை சல்பேட் உண்டு. எடை ஒன்றென்று 21க்குப் பதில் 33ஐப் போட்டால் துத்தநாகம் ஒன்றரை மடங்காகும். பதிவில் எந்த வகை என்று குறிப்பிட்டே ஆக வேண்டும்.

ஃபைட்டேட்டை மட்டும் ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடுவோம். ஃபைட்டிக் அமிலத்துக்கு 'தாவர அமிலம்' என்று யாரோ பதிவேற்றியிருக்கிறார்கள். எலுமிச்சையில் இருப்பதும் தாவர அமிலம்தானே.