புதுப்பிப்பு: டைவ் கம்ப்யூட்டர் பேட்டரி ஏன் சீக்கிரம் தீர்ந்தது?

புது சிஆர்2450 பட்டன் பேட்டரி போட்டும் டைவ் கம்ப்யூட்டர் (கடலுக்குள் மூழ்கும்போது ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கருவி) சீக்கிரமே பேட்டரி எச்சரிக்கை காட்டுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது. குளிர்நீரில் 3 வோல்ட் செல்லின் மின்னழுத்தம் இறங்கும் என்று சிலர் சொன்னது சரிதான். ஆனால் என்னுடையது கரையிலேயே எச்சரித்தது. தண்ணீரை உணரும் உலோகப் புள்ளிகளில் உப்பு படிந்து ஈரம் காயாமல் இருந்திருக்கிறது. பைக்குள் கிடக்கும்போதும் கடலுக்குள் இருப்பதாக நினைத்து விழித்தே கிடந்திருக்கிறது, பாவம்! இப்போது நன்னீரில் ஊறவைத்து, மென்மையான டூத்பிரஷால் தேய்த்து, காயவைக்கிறேன். தொல்லை இல்லை.

பேட்டரி மூடியைத் திறந்த கையோடு ஓ-ரிங்கையும் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றினேன். பழையதில் ஒற்றை முடி ஒட்டியிருந்தது. தண்ணீர் புக அது போதும்.

இன்னொன்று: சில மாடல்களில் பேட்டரியைக் கழற்றினால் முந்தைய டைவில் உடலில் சேர்ந்து மிச்சமிருக்கும் நைட்ரஜனின் கணக்கு அழிந்துவிடும். அடுத்த டைவுக்கு அந்தக் கணக்கு தேவை. இரண்டு டைவுக்கு நடுவில் மாற்றாதீர்கள்.