பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போடுவதா, மூன்று வேளையும் அளவைக் குறைப்பதா?

காட்பாடிக்காரன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 47 வயது. வீடு காட்பாடியில், ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 என்று வந்தது. இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்று மருத்துவர் அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து நண்பகல் 12 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில் மட்டுமே சாப்பிடுகிறேன். காலையில் சர்க்கரையோ பாலோ இல்லாத கட்டங்காப்பி மட்டும். மூன்று மாதத்தில் 86 கிலோ 82 ஆகியிருக்கிறது. என் மனைவியும் இதே காலத்தில் எடை குறைக்கத் தொடங்கினார். அவர் ஒரு வேளையையும் விடவில்லை. ஐந்து இட்லியை மூன்றாக்கினார், சோற்றுக்கு அரிசியை ஆழாக்கில் அளந்து போடுகிறார், எண்ணெய்க்கு ஒரு கரண்டியைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறார். அவருக்கு மூன்றரைக் கிலோ குறைந்துள்ளது. "நீங்கள் பட்டினி கிடந்து குறைப்பதை நான் சாப்பிட்டுக்கொண்டே குறைக்கிறேன்" என்று அவர் சொல்லும்போது என்னிடம் பதில் இல்லை.

பதினாறு மணி நேரம் வயிறு காலியாக இருந்தால் உடலின் செல்கள் தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்ளும் என்று காணொளிகளில் கேட்டுத்தான் இதைத் தொடங்கினேன். எடை ஒருபுறம் இருக்கட்டும், இந்த முறைக்கென்று தனியாக ஏதேனும் நன்மை உண்டா? ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: பல நாள் இரவு 7.50க்குச் சமையலறையில் நின்றபடியே ஒரு கை மிக்சரை அவசரமாக வாயில் போட்டுக்கொள்கிறேன்.

வாலாஜா உணவியலாளர் (பணி ஓய்வு):

ஐயா, உங்கள் வீட்டிலேயே ஓர் ஆய்வு நடந்து முடிந்திருக்கிறது. அதன் விடை உலக அளவில் கிடைத்த விடையை ஒட்டியே இருக்கிறது. சீனாவின் குவாங்சோ நகரில் உடற்பருமன் உள்ள 139 பேரை இரு பிரிவாக்கி ஓராண்டு கவனித்தார்கள். இரு பிரிவினருக்கும் கலோரி அளவு ஒன்றே. ஒரு பிரிவினர் மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் உண்டு முடிக்க வேண்டும். 2022இல் வெளியான முடிவின்படி நேரம் பார்த்து உண்டவர்கள் சராசரியாக 8 கிலோவும், நேரம் பாராமல் அளவை மட்டும் குறைத்தவர்கள் 6.3 கிலோவும் குறைந்தார்கள். இந்த வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியது என்பதால் அதைப் பொருட்படுத்த இயலாது என்றே ஆய்வாளர்கள் எழுதினார்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றிலும் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை.

உங்களுடையதைப் போலவே நண்பகல் முதல் இரவு 8 வரை உண்ணச் சொல்லி, கலோரியைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல், அமெரிக்காவில் 116 பேரிடம் 12 வாரம் நடத்திய ஆய்வு 2020இல் வெளிவந்தது. குறைந்த எடை ஒரு கிலோவுக்கும் கீழே. வழக்கம்போல் மூன்று வேளை உண்டவர்களைவிட அது குறிப்பிடும்படி அதிகம் இல்லை. ஆகவே உங்கள் நான்கு கிலோவைக் கரைத்தது கடிகாரம் என்று நான் நம்பவில்லை. நீங்கள் விட்டுவிட்ட காலைச் சிற்றுண்டியும், அதன் பின்னால் வரும் பாலும் சர்க்கரையும் கலந்த காப்பியும்தான் அதைச் செய்தன.

செல் சுத்திகரிப்பு கற்பனையன்று. அதன் வழிமுறையைக் கண்டறிந்ததற்காகத்தான் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர் அடிப்படையாகக் கொண்டது ஈஸ்ட் செல்களை. மனித உடலில் சரியாகப் பதினாறாவது மணியில் அது தொடங்குகிறது என்று எவரும் நிறுவவில்லை; அந்த எண் காணொளிக்காரர்களுக்கு வசதியான எண், அவ்வளவே.

உங்கள் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதால் ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்வேன். சர்க்கரை நோயின் வாசலில் நின்ற எட்டு ஆண்களை ஐந்து வாரம் பிற்பகல் 3 மணிக்குள் உணவை முடிக்க வைத்தபோது, எடை குறையாமலேயே அவர்கள் உடலில் இன்சுலின் முன்பைவிட நன்றாக வேலை செய்தது. இரத்த அழுத்தமும் இறங்கியது. எட்டே பேர் என்பதால் இதைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் உணவின் பெரும்பகுதியைப் பகலுக்கு நகர்த்துவது, காலையை விட்டுவிட்டு இரவில் நிரப்புவதைவிட நல்லது என்பதே என் கணிப்பு.

இரண்டு வேளையாகச் சுருக்கும்போது முதலில் அடிபடுவது புரதம். கிலோவுக்கு 0.8 கிராம் என்று வைத்தாலும் உங்களுக்கு நாளொன்றுக்கு 65 கிராம் வேண்டும். ஒரு முட்டை தருவது ஆறு கிராம். சாம்பாரும் ரசமும் மோருமாக முடிகிற இரண்டு சாப்பாட்டில் அது நிறையாது. எடையோடு சேர்ந்து தசையும் கரையும். மிக்சருக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலை 7 மணிக்கு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

மேல்விஷாரம் வாசகர்:

எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்றைச் சேர்க்கிறேன். ரமலானில் முப்பது நாளும் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் தண்ணீர்கூட இல்லாமல் இருக்கிறோம். நோன்பு இறைவனுக்காக வைப்பது, எடைக்காக அல்ல. ஆனாலும் பெருநாள் முடிந்து எடை பார்த்தால் என் வீட்டில் பாதிப் பேருக்கு ஏறித்தான் இருக்கும். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழமும் கஞ்சியும் என்று அடக்கமாகத் தொடங்குகிறோம். கஞ்சிக்குப் பக்கத்திலேயே வடையும் சமோசாவும் வந்துவிடும், தராவீஹ் தொழுகை முடிந்து திரும்பினால் ஆம்பூர் பிரியாணி காத்திருக்கும், பிறகு விடியலுக்கு முன் உண்ணும் சஹருக்கும் சோறு. உண்ணாத நேரத்தை எண்ணிவிட்டு உண்ட அளவை எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறோம். போன ரமலானில் நான் பொரித்தவற்றை மட்டும் விட்டேன். வேறு எதையும் மாற்றவில்லை, இரண்டு கிலோ இறங்கியது.

ஜோலார்பேட்டை ரயில்வே:

எனக்கு வாரத்தில் எந்த நாள் எந்த நேரம் பணி என்று எனக்கே தெரியாது. அதிகாலை 3 மணிக்கு வண்டி ஏறுபவனுக்கு 'நண்பகல் முதல் 8 வரை' என்பதற்குப் பொருளே இல்லை. ஆகவே காட்பாடிக்காரரின் மனைவி வழிதான் எனக்கு ஒத்துவந்தது. ஒரே அளவு டிபன் பாக்ஸ், அதில் பாதி காய், கால் பங்கு சோறு அல்லது கேழ்வரகுக் களி, கால் பங்கு பருப்போ மீனோ. டீக்கடையில் 'சர்க்கரை கம்மி' என்று சொல்லப் பழகியதே எனக்குப் பெரிய வெற்றி. நாளொன்றுக்கு ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் சர்க்கரையால் மட்டும் 240 கலோரி வரும்.

காட்பாடிக்காரன்:

அனைவருக்கும் நன்றி. ஒன்றைக் கேட்க விட்டுப்போயிற்று. என் தாயாருக்கு 71 வயது. சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை எடுக்கிறார். என்னைப் பார்த்து அவரும் காலை உணவைத் தள்ளிப்போடத் தொடங்கியிருக்கிறார். சென்ற கிருத்திகையன்று, எப்படியும் விரதம்தானே என்று மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்குப் பதினோரு மணி வாக்கில் உடல் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறியது. வெயிலின் கொடுமை என்று மோர் கொடுத்துப் படுக்க வைத்தோம். இது வெயில்தானா?

வாலாஜா உணவியலாளர் (பணி ஓய்வு):

வேலூர் வெயிலின் மீது எதை வேண்டுமானாலும் போடலாம், இதைப் போடாதீர்கள். நீங்கள் சொல்பவை சர்க்கரை தாழ்ந்துபோனதற்கான அடையாளங்கள். அந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே அபாயம் உண்டு. நாளைக் காலையே அவர் மாத்திரையோடு வழக்கமான நேரத்தில் சாப்பிடட்டும். இந்த வாரமே மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். அடுத்த முறை நடுக்கம் வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மாத்திரை போடும் உறவினர் ரமலான் நோன்போ சஷ்டி விரதமோ இருப்பதாக இருந்தால், மருத்துவரைப் பார்க்கும் நாள் அதற்குச் சில வாரம் முன்னதாக இருக்க வேண்டும்.

காட்பாடிக்காரன்:

இன்று இரவே தாயாரிடம் பேசிவிட்டேன். வியாழக்கிழமை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன். நானும் என் நேரத்தைக் காலை 9 முதல் மாலை 7 வரை என்று மாற்றிக்கொள்கிறேன். அரிசியை அளக்கும் ஆழாக்கு இனி எனக்கும் சேர்த்துத்தான் என்று மனைவி அறிவித்திருக்கிறார். மூன்று மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை முடிவை இங்கேயே எழுதுகிறேன்.